இடம்பெயர்ந்த வீடு

இலங்கையில் மனிதர்கள் இடம்பெயர்ந்த கதைகள் ஏராளம். அவற்றை எழுதியே என் தலைமுறைப் பத்திரிகையாளர்களின் பேனாக்கள் தேய்ந்தன. ஒரு வீடு இடம்பெயர்ந்த கதையை அறிந்தவர்கள் மிகச் சிலரே. கொழும்பு கொள்ளுப்பிட்டியிலுள்ள அல்பிரட் பிளேஸ் என்னும் வீதியில் 1960க்கும் 1962க்கும் இடையில் கட்டப்பட்ட ஓர் இல்லம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே நின்றது. பின்னர் 2009ஆம் ஆண்டளவில் அது ஓடு ஓடாகவும் தூண் தூணாகவும் கழற்றப்பட்டது. பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்க என்ற தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மீண்டும் எழுப்பப்பட்டது. கட்டிடக்கலைஞர் ஜெப்ரி பாவா, ஈனா டி சில்வா என்ற கலைஞருக்காகவும் அவரது கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்காகவும் அமைத்த வீடு அது.

புதிதாக வீடு கட்ட எண்ணுபவர்கள் இப்போது அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பாகவே கணினித் திரையில் தமது வீட்டினுள் நடந்து பார்த்துவிடுகின்றனர். வாசலைத் திறக்கலாம், படியேறலாம், யன்னல் சிறிதெனத் தோன்றினால் பெரிதாக்கலாம். கருவி புதியது, அது செய்யும் வேலை மிகப் பழையது. கட்டப்படாத வீட்டில் மனத்தால் ஒருமுறை நடந்து பாராமல் எவரும் வீடு கட்டியதில்லை. நமது ஊர்களில் மேசனார் வெறும் மண்ணில் தடியால் கோடு கீறி, இது தலைவாசல், இது அறை, இது அடுப்படி என்று சொல்லி, வீட்டுக்காரரை அந்தக் கோடுகளுக்கு நடுவே நடத்திக் காட்டியதும் இந்த வேலையைத்தான்.

அல்பிரட் பிளேஸ் வீட்டினுள் அவ்வாறு வாசகர்களை ஒருமுறை அழைத்துச் செல்வதும், அந்த வீடு எவ்வாறு தப்பியது, நமது வீடுகள் பல ஏன் தப்பவில்லை என்று கேட்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டைக் கேட்டவர்கள்

ஈனா 1922இல் பிறந்தவர். மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையைப் பூர்வீகமாகக் கொண்ட கண்டியப் பிரபுக் குடும்பம் அவருடையது. தந்தையார் சேர் றிச்சட் அலுவிகாரை, பொலிஸ் மா அதிபர் பதவியை வகித்த முதலாவது இலங்கையர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா 1955இல் அதே பதவிக்கு வந்தார். சிவில் சேவையிலிருந்து நியமிக்கப்படாமல், பொலிஸ் சேவையினுள்ளேயே படிப்படியாக உயர்ந்து அந்தப் பதவியை எட்டிய முதல் இலங்கையர் அவர். ஆயினும் 1959இல், உரிய காலத்துக்கு முன்பாகவே அவர் ஓய்வுபெற நேர்ந்தது. வெளியிலிருந்து ஒரு சிவில் சேவை அதிகாரி அந்தப் பதவிக்கு நியமிக்கப்பட்டமை அக்காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதற்கு அடுத்த ஆண்டே அல்பிரட் பிளேஸ் வீட்டு வேலை ஆரம்பமாகிறது.

ஈனாவின் விருப்பங்கள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றின. கண்டிய வளவ்வகளின் முற்றமும் விறாந்தையும் அவருக்கு வேண்டும். (பிரபுக்களின் இல்லத்தைக் குறிக்கும் 'வளவ்வ' என்ற சிங்களச் சொல், நமது 'வளவு' என்பதை நினைவூட்டுவது கவனிக்கத்தக்கது.) அதே வேளையில், அறைக்கு அறை அடைபட்டுக் கிடக்காமல் திறந்து கிடக்கும் நவீன வீடாகவும் அது இருக்க வேண்டும். கணவருக்கு ஓர் அலுவலக அறை, விருந்தினர் தங்கத் தனியிடம், வழிபாட்டுக்கு ஓர் அறை, கலைவேலைக்கு ஒரு கூடம் ஆகிய அனைத்தும் நகரத்துச் சிறிய காணியொன்றினுள் அடங்க வேண்டும்.

வரைந்தவர்

1919இல் பிறந்த ஜெப்ரி பாவா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் பின்னர் லண்டனில் சட்டமும் பயின்றவர். தந்தையாரைப் போலவே வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கிய அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. 1940களின் இறுதியில் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக் கரையில் ஓர் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதுவே லுனுகங்க. உப்பு ஆறு என்பது அந்தப் பெயரின் பொருள். அந்தத் தோட்டத்தைத் தாம் கனவு கண்டவாறு மாற்ற விழைந்தபோதுதான், அதற்கு வேண்டிய அறிவு தம்மிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். லண்டன் சென்று கட்டிடக்கலை பயின்று 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. ஈனாவின் வீட்டை வரையத் தொடங்கியபோது, நாற்பதைக் கடந்த அவர் தொழிலில் ஏறத்தாழப் புதியவர். டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் என்ற கட்டிடக்கலைஞர் அப்போது அவருடன் இணைந்து பணியாற்றி வந்தார். பாவாவின் ஆரம்பகால வீடுகளைப் பற்றி எழுதும்போது பிளெஸ்னரின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

மற்றொரு பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். மினெட் டி சில்வா, பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணைந்த முதலாவது இலங்கைப் பெண்மணி. இத்தீவின் பழைய முற்றத்தையும் கைவினையையும் நவீன கட்டிட முறையோடு இணைக்கலாம் என்பதைக் கண்டியிலும் கொழும்பிலும் தாம் அமைத்த வீடுகள் மூலம் பாவாவுக்கு முன்பே காட்டியவர் அவர். பிளெஸ்னர் இலங்கைக்கு வந்ததும் முதலில் அவரிடமே பணியாற்றினார். பாவா பெற்ற புகழில் ஒரு சிறு பங்கேனும் மினெட் தமது வாழ்நாளில் பெறவில்லை. 1998இல் அவர் காலமானார்.

பழைய வீடுகளை அளந்த காலம்

1960களின் தொடக்கத்தில் இந்த வட்டத்தினர் ஒரு முக்கியமான வேலையில் ஈடுபட்டனர். பிளெஸ்னர், துணி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி, ஓவியர் லக்கி சேனாநாயக்க, அப்போது இளைஞராயிருந்த இஸ்மத் ரகீம் ஆகியோர் நாடெங்கும் சென்று பழைய விகாரைகள், அம்பலங்கள், வளவ்வகள், ஒல்லாந்தர் காலத்து வீடுகள் முதலியவற்றை அளந்து வரைந்தனர். தூண் எத்தனை அடி, தாழ்வாரம் எவ்வளவு இறங்கியுள்ளது, வெயில் எந்த இடத்தில் நிற்கிறது என்பன அந்தத் தாள்களில் பதிவாயின. பல ஆண்டுகள் கழித்து அந்த வரைபடங்கள் நூல்களாகவும் வெளிவந்தன. வரையப்பட்ட கட்டிடங்களுட் சில பின்னர் மறைந்தும் போயின.

ஆங்கிலேயர் காலத்துக் கொழும்பு பங்களா, பெரிய காணியின் நடுவே வீட்டையும் சுற்றிவரத் தோட்டத்தையும் கொண்டது. ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தவரை அது பொருத்தமாயிருந்தது. காணிகள் துண்டாடப்பட்டு, பேர்ச் கணக்கில் விலை பேசப்படத் தொடங்கியதும் அதே அமைப்பு கேலிக்குரியதாயிற்று. நடுவே வீட்டை வைத்தால் நான்கு புறமும் எஞ்சுவது எதற்கும் உதவாத ஒடுங்கிய கீலங்களே. யன்னலைத் திறந்தால் அயல்வீட்டார் தெரிவர். மூடினால் காற்று வராது. இதற்கு விடை பழைய வீடுகளில் இருந்தது. சிங்களத்தில் 'மெத மிதுல' எனப்படும் நடுமுற்றமே அந்த விடை. வீட்டைக் காணியின் எல்லை வரை தள்ளிவிட்டு, தோட்டத்தை வீட்டின் நடுவே கொண்டுவந்தால், சிறிய காணியிலும் விசாலமாக வாழலாம்.

உள்ளே நுழைவோம்

கட்டிடத்தைச் சொற்களால் விளக்கிவிட முடியாது, அதனூடே நடந்தே அதை அறிய வேண்டும் என்பது பாவா வலியுறுத்தி வந்த கருத்து. அதை மீறி, 1960களின் அல்பிரட் பிளேசில் நின்று சொற்களாலேயே நடந்து பார்ப்போம்.

வீதியிலிருந்து பார்த்தால் உங்களுக்கு வீடு தெரியாது. வெண்சுவரும் அதற்கு மேலே தாழ்ந்து இறங்கும் ஓட்டுக் கூரையும் மாத்திரமே தெரியும். செல்வத்தை வீதிக்குக் காட்டும் வழக்கமுள்ள ஓர் அயலில் இது வீதிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடு. வாசலைக் கடந்ததும் நிழல் உங்களைச் சூழ்ந்துகொள்கிறது. சில அடிகள் நடந்ததும் எதிரே திடீரென வெளிச்சம். அதுவே முற்றம்.

முற்றத்தில் மரமும் கற்களும் உள்ளன. அதன் விளிம்பைச் சுற்றி முதிரை மரத்தூண்கள் நிற்க, அவற்றின் மேல் கூரையின் தாழ்வாரம் இறங்கியிருக்கிறது. விறாந்தை எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். ஒரே கூரையின் கீழ் அடைக்கப்பட்ட பெட்டியாக இந்த வீடு இல்லை. கூடங்களும் விறாந்தைகளும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு, பெரிய முற்றத்தையும் ஓரங்களில் உள்ள சிறு முற்றங்களையும் சுற்றி அமைந்துள்ளன. ஓர் இடத்தில் நின்று பார்த்தால் விறாந்தை, முற்றம், அதற்கப்பால் இன்னொரு கூடம், அதற்கும் அப்பால் இன்னொரு சிறு முற்றத்தின் வெளிச்சம் என்று பார்வை நீண்டுகொண்டே போகும். சிறிய காணி பெரிதாகத் தோன்றுவதன் இரகசியம் அதுதான். மேல்மாடி அறைகளிலிருந்தும் கண்ணுக்குப் படுவது வீட்டின் சொந்த ஓடுகளும் மர உச்சியுமேயன்றி அயல்வீட்டுச் சுவர் அன்று.

மழை பெய்தால் முற்றத்தில் பெய்யும். வீட்டார் விறாந்தையில் இருந்து அதைப் பார்ப்பர். வெப்பமான காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலில் குளிர்ந்த காற்று அறைகளுக்கூடாக வந்து அந்த இடத்தை நிரப்பும். மின்விசிறி சுழல வேண்டிய வேலையின் ஒரு பகுதியை வீட்டின் அமைப்பே செய்துவிடுகிறது.

கண்ணாடி அரிதான காலம்

இந்த வீட்டின் அழகுக்கு அக்காலப் பொருளாதார நெருக்கடிக்கும் பங்குண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1961 முதல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. கண்ணாடியும் உருக்கும் அரிதாயின. ஆகவே யன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மரச்சட்டங்கள் வந்தன. தூண்களுக்கு முதிரையும் தளத்துக்குக் கருங்கல்லும் சுவருக்குச் செங்கல்லும் கூரைக்கு நாட்டு ஓடும் பயன்பட்டன. தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் பல, கிடைத்ததைக் கொண்டு சமாளித்தவை என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடும். இந்த வீடோ வேறு பொருளை விரும்பியதற்கான அடையாளத்தையே காட்டவில்லை. எந்தப் பொருளைப் பழைய மேசன்களும் தச்சர்களும் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்தனரோ, அதையே வரைந்தவரும் கேட்டார் என்பதே அதற்குக் காரணம்.

இதே வீட்டின் கலைக்கூடத்தில் ஈனாவின் வாழ்க்கைப் பணியும் வளர்ந்தது. மகன் அனில் ஜயசூரிய, லக்கி சேனாநாயக்க ஆகியோருடன் இணைந்து அவர் பத்திக் துணிக் கலைக்கு இலங்கையில் புதிய உயிர் கொடுத்தார். 1960களின் இறுதியில் பாவா அமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து முகடு முழுவதையும் அவரது பத்திக் துணிகள் அலங்கரித்தன. 1982இல் கோட்டையில் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றத்துக்கான கொடிகளும் அவரது கைவண்ணமே. 1980களில் அவர் அலுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குத் தொழிலளிக்கும் கைவினை நிலையத்தை வளர்த்தெடுத்தார்.

இலக்கமிடப்பட்ட கற்கள்

காலம் செல்லச் செல்ல அல்பிரட் பிளேஸ் மாறியது. வீடுகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடங்கள் எழுந்தன. வீட்டின் பெறுமதியைவிட அது நின்ற நிலத்தின் பெறுமதி பன்மடங்காயிற்று. 2009அளவில் காணி கைமாறியபோது வீடு இடிபடுவது உறுதியாகத் தோன்றியது. 2003இல் பாவா மறைந்த பின்னர் அவரது சொத்துக்களைப் பராமரித்து வந்த லுனுகங்க நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம், நிலம் இல்லாமல் வீட்டை மாத்திரம் காப்பாற்ற முன்வந்தது.

தொல்பொருள் அகழ்வில் பின்பற்றும் முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. முதலில் வீடு முழுவதும் அளக்கப்பட்டு வரையப்பட்டது, படங்கள் எடுக்கப்பட்டன. பிறகு தூண், கதவு, யன்னல், படி, முற்றத்துக் கல் என ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடப்பட்டது. அதன் பின்பே கழற்றினார்கள். லுனுகங்கவில் புதிய இடம் தயாரானதும், அந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்து, பல ஆண்டுகள் எடுத்து மீண்டும் கோத்தார்கள். வீட்டைக் கழற்றும் நாட்களையும் கண்ட ஈனா, 2015இல் காலமானார்.

இடம் மாறிய வீடு அதே வீடுதானா என்ற கேள்வி எழுவது இயல்பு. நகரத்தின் நெருக்கடிக்கு விடையாகப் பிறந்தது அந்த வெண்சுவர். வாகன இரைச்சலையும் அயலாரின் கண்களையும் வெளியே நிறுத்துவது அதன் வேலை. மரங்களும் ஏரியும் சூழ்ந்த தோட்டத்தில் அந்தச் சுவருக்கு அந்த வேலை இல்லை. தோட்டத்தின் நடுவே, தோட்டத்தை உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு நிற்கும் வீடாக அது ஆகிவிட்டது. ஊரை விட்டு வந்தவர் புதிய ஊரிலும் பழைய பழக்கத்தோடு வாழ்வதைப் போன்றது இது. இருந்தபோதிலும், அந்த முற்றத்தின் ஓரத்தில் ஒருவர் நின்று, தூணுக்கும் தாழ்வாரத்துக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான தொடர்பை இன்றும் உடலால் அறிய முடிகிறது. அழிந்துபோன வீட்டைப் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையும் இதைத் தர இயலாது.

வீடு தப்பியதற்கு இரு காரணங்கள் உண்டு. கட்டியவர் புகழ் பெற்றவர். பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்தது. இது முதற் காரணம். கல்லைக் கழற்றுமுன் கோட்டை வரைந்தார்கள் என்பது இரண்டாவது. முதற் காரணம் எல்லோருக்கும் வாய்க்காது. இரண்டாவது எவருக்கும் இயலக்கூடியது.

நாற்சார் வீடுகளும் நமது கடமையும்

யாழ்ப்பாணத்துக்கு நடுமுற்றம் புதிதன்று. நான்கு புறமும் விறாந்தையும் அறைகளும் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றம் கொண்ட நாற்சார் வீடுகள் தீபகற்பம் எங்கும் இருந்தன. படலையைத் தாண்டித் தலைவாசலில் ஏறினால் வந்தவருக்கு ஓர் இடம், உறவினருக்கு ஓர் இடம், பெண்கள் கூடியிருந்து வேலை செய்ய ஓர் இடம் என்று வீடே மனிதரை வகைப்படுத்தியது. பிள்ளைப் பேறும் திருமணமும் மரணமும் அந்த முற்றத்தைச் சுற்றியே நடந்தன. அந்த வகைப்படுத்தலில் சாதியின் கோடும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. யார் படலையோடு நிற்க வேண்டும், யார் விறாந்தை வரை வரலாம் என்பதையும் அந்த வீடுகளே தீர்மானித்தன. அதையும் சேர்த்தே அவை வரலாற்றுச் சான்றுகள்.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் இருந்த வீடுகளுட் பல தரைமட்டமாயின. 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்ற பலர் தமது வளவைக் கிணற்றைக் கொண்டும் எஞ்சிய மரங்களைக் கொண்டுமே அடையாளம் காண வேண்டியிருந்தது.

அவர்களிடம் காணி உறுதி இருந்தது. எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிழக்கே யார், மேற்கே யார் என்பன அதில் துல்லியமாக எழுதப்பட்டிருக்கும். வீட்டைப் பற்றியோ, வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் என்ற வழமையான சொற்றொடரில் ஒரு சொல் மாத்திரமே. நிலத்தை அளந்த நாம் வீட்டை அளக்கவில்லை. தாத்தா கட்டிய வீட்டில் முற்றம் எத்தனை அடி, மழைநீர் எந்தப் பக்கம் வழிந்தது, சுவாமியறை எந்தத் திசையில் இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்ட விடைகளைச் சொல்கின்றனர். அந்தப் பெரியவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றனர்.

போரில் தப்பிய நாற்சார் வீடுகள் இப்போது வேறு காரணங்களால் மறைகின்றன. முற்றம் மூடப்பட்டுக் கொங்கிறீற் தளமாகிறது; பங்கு பிரிக்கையில் வீட்டின் நடுவே மதில் எழுகிறது; வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் புதிய மாடி எழும்புகிறது. இவற்றைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. வீடு வாழ்பவர்களுக்காகவே உள்ளது. எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற நம்மிடம் பணமும் இல்லை.

எனினும், இடிப்பதற்கு முன்பு ஒரு நாளை ஒதுக்க இயலும். ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, இன்று எல்லோர் கையிலும் உள்ள கைத்தொலைபேசி ஆகியவை போதும். படலையிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் எழுதுங்கள். தூணின் உயரத்தையும் கதவின் வேலைப்பாட்டையும் படமெடுங்கள். எந்த அறையில் யார் பிறந்தார், எங்கே நெல் கொட்டினார்கள், யாரை எங்கே இருத்தினார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தவரை நடத்திச் சென்று கேட்டு எழுதுங்கள். ஏற்கனவே வீட்டை இழந்தவர்கள், அந்த வீட்டில் வாழ்ந்த உடன்பிறப்புகளைத் தனித்தனியே வரையச் சொல்லிப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். கோடுகள் ஒத்துப்போகும் இடங்களிலிருந்து வீட்டின் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். தென்மராட்சியிலோ தீவகத்திலோ ஒரு பாடசாலை இதனைத் தனது மாணவர்களின் செயற்றிட்டமாக எடுத்துக்கொண்டாலும், ஓர் ஊரின் வீடுகள் ஒரே தவணைக்குள் தாளில் ஏறிவிடும்.

கணினி அறிந்த பிள்ளைகள் அந்தத் தாள்களைக் கொண்டு திரையில் வீட்டை எழுப்புவார்கள். ரொறன்ரோவிலோ பாரிசிலோ பிறந்த பேத்தி அதில் படலையைத் திறந்து உள்ளே வருவாள். அவள் எந்த முற்றத்தில் வந்து நிற்பாள் என்பது, இந்த வருடம் நாம் அளந்து வைப்பதைப் பொறுத்தது.